வேலூரில் சொந்தமாக மருத்துவச் செய்தித் தளம் தொடங்க: எந்தக் காகிதம், எவ்வளவு செலவு, எத்தனை நாள்

தொரப்பாடியில் ஒரு மெடிக்கல் கடை கவுண்டரில் ஒன்பது வருஷம் நின்றவன் நான். மாத்திரை வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் சீட்டோடு வாயில் ஒரு கேள்வியும் வைத்திருப்பார்கள். காப்பீட்டு அட்டைக்கு எங்கே போகணும், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டர் எந்தக் கிழமை, நாய் கடித்தால் எத்தனை ஊசி, இப்படி. ஒரே பதிலை நாளுக்கு இருபது தடவை சொல்வதற்கு எழுதிப் போட்டுவிடலாமே என்றுதான் 2022-ல் ஒரு இணையச் செய்தித் தளம் ஆரம்பித்தேன்.

எழுதுவது பெரிய கஷ்டமாக இல்லை. எழுத்தைச் சுற்றி இருந்த மற்ற எல்லாவற்றிலும் ஏமாந்தேன். தேவையில்லாத பதிவுக்குப் பணம், தேவையில்லாத அட்டைக்குப் பணம், போட்டிருக்கவே கூடாத ஒரு விளம்பரம். முதல் பத்து மாதத்தில் கையை விட்டுப் போனது 38,000 ரூபாய், அதில் உருப்படியாகச் செலவானது பாதிகூட இருக்காது. வேலூரோ ராணிப்பேட்டையோ திருப்பத்தூரோ, இந்தப் பக்கம் இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. டொமைன் உங்கள் பேரில், உங்கள் மெயிலில்

எனக்குத் தளம் செய்து கொடுத்த தம்பி நல்ல பையன்தான். ஆனால் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, அவனுடைய மெயிலில் வாங்கிவிட்டான், நானும் கவனிக்கவில்லை. அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனான், புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் எல்லாம் அவன் எட்டிக்கூடப் பார்க்காத பழைய இன்பாக்ஸில் கிடந்தது. ஒரு நாள் காலையில் தளத்தைத் திறந்தால் ஒன்றும் இல்லை. காலாவதியான டொமைனுக்குக் கொஞ்ச நாள் அவகாசம் உண்டு, அதையும் தாண்டினால் மீட்புக் கட்டணம் தனி. எனக்கு 6,500 ரூபாய் ஆனது.

அதனால் நீங்களே உட்கார்ந்து, உங்கள் மெயில், உங்கள் போன் எண் கொடுத்து வாங்குங்கள். முதல் வருஷ விலையைப் பார்க்காதீர்கள், அது சலுகை விலை. அடுத்த வருஷம் புதுப்பிக்க எவ்வளவு என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதுதான் உண்மையான விலை.

பெயர் வைக்குமுன் அரசின் அறிவுசார் சொத்துத் தளத்தில் அந்தப் பெயரில் வணிகக்குறி இருக்கிறதா என்று தேடுங்கள், தேட காசு இல்லை. உங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் தனிநபருக்கு இணையவழியில் ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவை வகைக்கு) 4,500 ரூபாய் கட்டணம். முதல் வருஷத்திலேயே இதற்கு அவசரமில்லை, தளம் நிற்குமா என்று பார்த்துக்கொண்டு செய்யலாம்.

2. எந்தப் பதிவு வேண்டும், எது வேண்டாம்

"ஆர்.என்.ஐ. வாங்கித் தர்றேன்ணா, அப்புறம் உங்களை யாரும் ஒன்னும் கேக்க முடியாது" என்று ஒருவர் 12,000 ரூபாய் வாங்கிப் போனார். வந்தது ஒரு தமிழ்ப் பெயருக்கான விண்ணப்ப நகல், அவ்வளவுதான். ஆர்.என்.ஐ. என்றால் மத்திய அரசின் பத்திரிகைப் பதிவாளர் அலுவலகம், அந்தப் பதிவு அச்சில் வரும் பத்திரிகைக்கு. அப்போதிருந்த 1867-ம் வருஷச் சட்டமும் அச்சுக்குத்தான், 2024 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டமும் அச்சுக்குத்தான். வெறும் வெப்சைட்டுக்கும் யூடியூப் சேனலுக்கும் அதில் பதிவு எண் கிடையாது. யாராவது கிடைக்கும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நமக்குப் பொருந்துவது 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள். அதன்படி, தொடங்கிய 30 நாளுக்குள் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு உங்கள் விவரத்தை அனுப்ப வேண்டும். படிவம் அமைச்சகத்தின் தளத்தில் இருக்கிறது, கட்டணம் இல்லை. தளத்தின் முகவரி, மொழி, சமூக வலைத்தளக் கணக்குகள், தொடர்பு விவரம், குறைதீர் ஏற்பாடு, இவைதான் கேட்பார்கள். இது தகவல் தெரிவிப்பது மட்டுமே. இதை அனுப்பிவிட்டு "மத்திய அரசு அங்கீகாரம் பெற்றது" என்று தளத்தின் தலையில் எழுதிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வேலை வேண்டாம்.

அதே விதியில் இன்னும் இரண்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும், ஒற்றை ஆள் நடத்தும் தளத்தில் அது பெரும்பாலும் நீங்களேதான். புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில், 15 நாளுக்குள் முடிவு. இரண்டு, மாதாமாதம் எத்தனை புகார் வந்தது, என்ன செய்தீர்கள் என்று ஒரு அறிக்கை போட வேண்டும். புகாரே வராத மாதத்தில் நான் "இல்லை" என்று போடுகிறேன். இந்த விதிகளில் சில பிரிவுகளுக்கு 2021 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது உண்மைதான், ஆனால் அது வேறு பிரிவு. அதைக் காட்டி படிவத்தை அனுப்பாமல் இருக்காதீர்கள்.

உத்யம் பதிவு, அதாவது மத்திய அரசின் சிறுதொழில் பதிவு, ஆதாரும் பான் அட்டையும் இருந்தால் போதும், அரை மணி நேர வேலை, முழுக்க இலவசம். கூகுளில் தேடினால் அரசு தளம் மாதிரியே தோற்றத்தில் 1,500, 2,500 கேட்கும் தனியார் பக்கங்கள் மேலே வந்து நிற்கும். முகவரியில் ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா பாருங்கள். தளத்தின் பெயரில் கரண்ட் அக்கவுண்ட் திறக்க வங்கியில் இந்தச் சான்று உதவும். ஜிஎஸ்டி, சேவைத் தொழிலில் வருஷம் 20 லட்சம் தாண்டும்வரை கட்டாயம் இல்லை. நம் வருமானத்துக்கு அந்தக் கவலை இப்போதைக்கு வேண்டாம்.

3. பைக் ஸ்டிக்கர்

ஒரு "சங்கம்" 3,000 ரூபாய்க்கு அட்டை, டேக், வண்டிக்கு ஸ்டிக்கர் எல்லாம் கொடுத்தது. கிரீன் சர்க்கிள் பக்கம் முதல் தடவை போலீஸ் நிறுத்தியபோது எஸ்.ஐ. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ஹெல்மெட் எங்க?" என்றார். சரியான கேள்வி. அரசு அங்கீகார அட்டை செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாக வருவது, புதிய இணையத் தளத்துக்கு உடனே கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். அது இல்லாமலும் வேலை நடக்கும். உங்கள் தளத்தின் பெயர் போட்ட ஒரு விசிட்டிங் கார்டு போதும்.

4. செய்தி எங்கே கிடைக்கும்

விபத்து, கொலை, அரசியல் எல்லாம் பெரிய ஆட்கள் பத்து நிமிஷத்தில் போட்டுவிடுவார்கள், அதில் நீங்கள் ஓடி ஜெயிக்க முடியாது. என் தளத்தில் இன்றுவரை அதிகம் படிக்கப்படுவது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்குவது எப்படி என்ற ஒன்றுதான். ரேஷன் அட்டை, குடும்பத்தார் எல்லோருடைய ஆதார், வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டது என்ற சான்று, இவற்றோடு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும், அட்டைக்குக் காசு இல்லை, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை. இவ்வளவுதான் விஷயம். ஆனால் எந்த வாசல் வழியாகப் போவது, ரேஷன் அட்டையில் பெயர் எழுத்துப்பிழை இருந்தால் முதலில் எதைத் திருத்துவது, மதியம் சாப்பாட்டு நேரத்தில் போனால் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்பதை நான் நாலு நாள் அங்கேயே நின்று பார்த்து எழுதினேன். அதனால்தான் மக்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்னும் சில இடங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு நிற்கும் வரிசையில் நடந்து போனாலே ஒரு வாரத்துக்குச் செய்தி கிடைக்கும். கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தண்ணீர், சாக்கடை, நர்ஸ் வருவதில்லை, எல்லாம் அங்கே பேசப்படும். அணைக்கட்டுப் பக்கம் மலைமேல் இருக்கும் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஊராட்சிகளுக்கு வருஷத்தில் ஒரு தடவையாவது போங்கள். பாம்பு கடித்தவரை அங்கிருந்து கீழே கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று நீங்களே வாட்ச் கட்டிக்கொண்டு பார்த்தால்தான் எழுத வரும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றால் தோல் கழிவும் பாலாறும், அதில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே 1996-லும் 2025-லும் வந்திருக்கிறது, தீர்ப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து லாட்ஜில் மாதக்கணக்கில் தங்குகிறவர்களை மறந்துவிடாதீர்கள். அவர்கள் தமிழ் படிப்பதில்லை, ஆனால் அவர்களுக்கு அறை விடுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், மருந்து விற்கிறவர் எல்லோரும் படிக்கிறார்கள்.

(மே மாதத்தில் வெளியே வீடியோ எடுப்பவர்களுக்கு: பதினோரு மணிக்கு மேல் போன் சூடாகி தானே அணைந்துவிடும். வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. காலை எட்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.)

5. தகவல் உரிமை மனுவில் "ஏன்" என்று கேட்காதீர்கள்

மருத்துவச் செய்திக்கு இதைவிடக் கூர்மையான கருவி கிடையாது, இதைவிட மோசமாகப் பயன்படுத்தப்படுவதும் கிடையாது. என் முதல் மனுவில் "ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து ஏன் இருப்பதில்லை?" என்று எழுதினேன். முப்பதாவது நாள் பதில் வந்தது: கேள்விக்கு விளக்கம் தர இயலாது. அவர்கள் சொன்னது சரி. சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல.

இரண்டாவது தடவை இப்படி எழுதினேன்: "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை, இந்த நிலையத்தின் மருந்து இருப்புப் பதிவேட்டில் பாம்பு விஷமுறிவு மருந்து, நாய்க்கடித் தடுப்பூசி குறித்த பக்கங்களின் நகல் தரவும்." பதினெட்டுப் பக்கம் வந்தது. எந்த வாரத்தில் எத்தனை குப்பி என்று கணக்கு அதிலேயே இருந்தது, நான் வாதாடவே தேவையில்லை.

செலவு: மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள். பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். வரவில்லை அல்லது திருப்தி இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் திருப்பி அனுப்பக் கூடாது, அவர்களே ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்ற வேண்டும், அது 6(3) பிரிவு. இந்த எண்ணை மனுவிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள், வேலை நடக்கும்.

ஒரு மனுவில் ஒரு விஷயம். எட்டுக் கேள்வி எழுதினால் சுலபமான ஒன்றுக்குப் பதில் சொல்லி மற்றதை விட்டுவிடுவார்கள்.

6. வார்டுக்குள் போனை எடுக்குமுன்

அரசு மருத்துவமனை என்றால் டீன் அல்லது தலைமை மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், இரண்டு மூன்று நாள் ஆகும். நோயாளியிடம் சம்மதம் தனி. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருப்பவர் தலையை ஆட்டினால் அது சம்மதம் ஆகாது. நான் ஒரு தாளில் நாலு வரி அடித்து வைத்திருக்கிறேன், படித்துக் காட்டி, கூட இருப்பவர் முன்னால் கையெழுத்தோ ரேகையோ வாங்குவேன். மறுத்தால் விட்டுவிடுவேன்.

சட்டம் நேராகத் தடுக்கும் இடங்களும் உண்டு. மனநலச் சிகிச்சையில் இருப்பவரின் படமோ விவரமோ அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது, 2017-ம் வருஷ மனநலச் சட்டம். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படுத்தக் கூடாது, அதுவும் 2017 சட்டம். போக்சோ வழக்கில் குழந்தையின் பெயர், பள்ளி, தெரு, அப்பா பெயர் எதுவும் வரக் கூடாது, மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையோ அபராதமோ இரண்டுமோ. "அந்தத் தெருவின் மளிகைக் கடைக்காரர் மகள்" என்று எழுதினாலும் அடையாளம் காட்டியதாகத்தான் ஆகும். தற்கொலைச் செய்தியில் முறையை எழுதாதீர்கள், கடிதத்தைப் போடாதீர்கள், கீழே அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 கட்டாயம் இருக்கட்டும்.

7. டாக்டர் கண்ணில் படாமல் மருத்துவக் குறிப்பு போகக் கூடாது

நாய்க்கடி ஊசி பற்றி எழுதியபோது 0, 3, 7, 14, 28 என்று ஐந்து நாள் போட்டேன். அது தசையில் போடும் முறை. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடுவார்கள், அதற்கு 0, 3, 7, 28 என்று நாலு நாள்தான். குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பீடி சுற்றும் வேலையை விட்டுவிட்டு பதினாலாவது நாள் பையனைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், "இன்னைக்கு ஊசி இல்லையே, யார் வரச் சொன்னது?" என்று நர்ஸ் கேட்க, போனில் என் பக்கத்தைக் காட்டியிருக்கிறார். அன்று மாலை என்னைக் கூப்பிட்டு, "ஏம்பா, பாத்து எழுதக் கூடாதா? ஒரு நாள் கூலி போச்சு" என்றார். என் பிழையால் வரக்கூடியதில் குறைந்தபட்ச சேதம் அது. நாளைக் குறைத்து எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து அன்றைக்குத் தூங்கவில்லை.

அதற்கப்புறம் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு டாக்டரைப் பிடித்தேன். வாரத்தில் இரண்டு கட்டுரை படித்துத் தருகிறார், காசு வாங்குவதில்லை, அவர் பெயர் போடக் கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை. ஒவ்வொரு கட்டுரையிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதி போடுங்கள். பிழை திருத்தினால் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள், மேலேயே "முன்பு இப்படி இருந்தது, இன்று திருத்தப்பட்டது" என்று எழுதுங்கள்.

8. விளம்பரப் பணம்

தளம் கொஞ்சம் தெரிய ஆரம்பித்ததும் வந்த முதல் விளம்பரக்காரர் சர்க்கரை வியாதிக்கு மருந்து விற்பவர். கட்டைப்பையிலிருந்து இரண்டு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார், லேபிளில் தயாரிப்புத் தேதி இல்லை. ஒரு மண்டலம் குடித்தால் மாத்திரையைத் தூக்கிப் போடலாம் என்று எழுதணுமாம். சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாள் முப்பதை எண்ணி வைத்தார். அந்த மாத ஹோஸ்டிங் (தளம் இருக்கும் சர்வருக்கான வாடகை) கட்டக்கூட காசில்லாத நேரம், போட்டுவிட்டேன். பதினோராவது நாள் நான் வேலை பார்த்த கடை முதலாளி போன் செய்தார்: மாதாமாதம் மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை) வாங்க வரும் பாட்டி ஒருவர் வரவே இல்லை, கேட்டால் நம்ம கடைப் பையன் தளத்திலேயே போட்டிருக்கிறானே என்றாராம். அன்றே எடுத்தேன். பணம் முழுவதையும் மூன்று தவணையில் திருப்பிக் கொடுத்தேன்.

அது சட்டப்படியும் குற்றம். 1954-ம் வருஷ மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் ஒரு நோய்ப் பட்டியல் வைத்திருக்கிறது. சர்க்கரை வியாதி, புற்றுநோய், வலிப்பு எல்லாம் அதில் உண்டு. அவற்றைக் குணப்படுத்தும் என்று மருந்து விளம்பரம் செய்யக் கூடாது, அதை வெளியிட்டவருக்கும் பொறுப்பு உண்டு, முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை. கருவில் ஆணா பெண்ணா என்று சொல்வதாக எந்தச் சாயலில் விளம்பரம் வந்தாலும் தொடாதீர்கள், அதற்கு மூன்று வருஷம் வரை.

தளத்தில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழுக்கு உண்டு. 10 டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்ய ஒரு பின் எண் தபாலில் வரும். எனக்கு முதல் கடிதம் வரவே இல்லை, காரணம் கதவெண்ணில் பழைய எண், புதிய எண் இரண்டையும் போட்டுக் குழப்பியிருந்தேன். ஆதாரில் இருக்கிறபடி ஒரே எண் போடுங்கள், தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நாலு மாதத்துக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். எனக்கு முதல் 100 டாலர் சேர பதினான்கு மாதம் ஆனது. நிஜமாகச் சோறு போடுவது ஸ்கேன் சென்டர் அல்ல, மளிகைக் கடை, பள்ளிச் சேர்க்கை, ஜவுளிக் கடை. எந்த மருத்துவமனையைப் பற்றி எழுதுகிறீர்களோ அதனிடம் விளம்பரம் வாங்காமல் இருந்தால் எழுதக் கை நடுங்காது.

9. மொத்தத்தில் எவ்வளவு, எத்தனை நாள்

ஏமாறாமல் தொடங்கினால், என் கணக்கில்: டொமைனும் ஹோஸ்டிங்கும் முதல் வருஷத்துக்கு 4,000-லிருந்து 5,000. சட்டையில் மாட்டும் மைக் 1,200. தகவல் உரிமை மனுக்கள், தபால், ஜெராக்ஸ் மாதம் 300. பஸ், பெட்ரோல் மாதம் 2,000. போன் இருப்பதே போதும். டொமைன் ஒரு நாள், தளம் ஒரு வாரம், உத்யம் அன்றே, கரண்ட் அக்கவுண்ட் பத்து நாள். முதல் முப்பது கட்டுரையை எழுதி வைத்துக்கொண்டு தளத்தைத் திறங்கள், காலித் தளத்துக்கு ஆட்சென்ஸ் கிடைக்காது. வேலையை உடனே விடாதீர்கள். நான் விட்டது இரண்டாவது வருஷக் கடைசியில், அதுவும் வீட்டில் மனைவி டெய்லரிங் வருமானம் இருந்ததால்.

10. வக்கீல் நோட்டீஸ் வந்தால்

வரும். எனக்கு மூன்று வந்திருக்கிறது. உறையைக் கிழித்துப் போடாதீர்கள், அதில் இருக்கும் தபால் முத்திரைத் தேதி பிறகு தேவைப்படும். எத்தனை நாளில் பதில் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அந்தக் கட்டுரைக்கு ஆதாரமான பதிவேட்டு நகல், ஒலிப்பதிவு, சம்மதத் தாள், எதிர்த் தரப்பிடம் கருத்துக் கேட்டு அனுப்பிய மெயில், எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். பதில் நோட்டீஸுக்கு எனக்கு 2,500 ஆனது. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு, இரண்டு வருஷம் வரை சிறை உண்டு, ஆகவே விளையாட்டாக எடுக்க வேண்டாம். கருத்துக் கேட்காமல் எழுதியிருந்தால் அதுதான் உங்கள் பலவீனம், வக்கீலிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பதில் போய்ச் சேர்ந்த ஒப்புகை கைக்கு வரும்வரை அந்த நோட்டீஸைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ போடாதீர்கள்.